கேள்வி கேட்டவருக்கே கொடுத்தேன்

கே.கே. நகர், திருச்சி
புரட்டாசி 3

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அக்கா வீட்டாரும் நலம். வீட்டுச் சாமான் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. பாதியைப் பிரித்து அடுக்கிவிட்டேன். மீதி ஹாலில் அட்டைப் பெட்டிகளாக நிற்கிறது.

நம் வீட்டை விற்ற விஷயத்தில் போன வாரம் போனில் நீ கோபப்பட்டாய். "95 லட்சம் தரேன்னு ஒருத்தர் நின்னாரே, அவரை விட்டுட்டு நாலு லட்சம் குறைச்சு, மூணு மாசம் உன்னை அலைக்கழிச்ச மனுஷனுக்கு ஏம்மா கொடுத்தே?" என்று கேட்டாய். பக்கத்தில் ஆள் இருந்ததால் அப்போது விளக்கிச் சொல்ல முடியவில்லை. போனில் பேசினால் நீ ஒன்று கேட்பாய், நான் வேறொன்று சொல்லிக்கொண்டிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மொத்தம் பதினோரு பேர் வந்து பார்த்தார்கள். பாதிப் பேர் வாசலோடு போய்விட்டார்கள். ஒருவர் வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டி வந்தார். கன்னி மூலையில் கிணறு இருக்கிறது, குடும்பத் தலைவருக்கு ஆகாது, மூடிவிட்டு ஈசானியத்தில் போர் போட வேண்டும் என்று அவர் சொல்ல, வந்தவர் 85-க்கு மேல் முடியாது என்றார். உங்கள் அப்பா அந்தக் கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டு 35 வருஷம் அந்த வீட்டில் நன்றாக வாழ்ந்தார். நான் பதில் பேசவில்லை. மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

95 லட்சக்காரர் வந்த கதையைச் சொல்கிறேன். காரை விட்டு இறங்கி, கூடத்தில் இரண்டு நிமிஷம் நின்றார். அடுப்படியை எட்டிப் பார்க்கவில்லை. மாடிக்கு ஏறவில்லை. "பிடிச்சிருக்கும்மா, முடிச்சுக்கலாம்" என்றார். புரோக்கருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவர் போன பிறகு புரோக்கர் மெதுவாகச் சொன்னார்: பத்திரத்தில் 55 காட்டிவிட்டு மீதி 40-ஐ ரொக்கமாகத் தருவாராம், பதிவுச் செலவு அவருக்குக் குறையுமாம், எனக்கும் வரி குறையுமாம்.

தம்பி, வீடு விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கு அபராதம் போட சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த அபராதம் வாங்கின என் மேல்தான் விழும். அது ஒருபுறம் இருக்கட்டும். 40 லட்சத்தை இந்த வயதில் எந்த அலமாரியில் வைத்துப் பூட்டுவேன்? நாளைக்கு ஒரு ஃபிளாட் வாங்கப் போனால் அந்தப் பணத்தை எந்தக் கணக்கில் காட்டுவேன்? உங்கள் அப்பா கூட்டுறவு சொசைட்டியில் கடன் வாங்கி, மாதாமாதம் பிடித்தம் போக வந்த சம்பளத்தில் கட்டிய வீடு அது. அதன் கடைசிப் பத்திரத்தில் பொய்த் தொகைக்குக் கீழே என் கையெழுத்து வர வேண்டாம் என்று நினைத்தேன். உடனே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் ஏன் வீட்டையே பார்க்கவில்லை என்பதும் பிறகு விளங்கியது. இடித்துவிட்டு நாலு போர்ஷன் கட்டுவதாக இருந்தாராம். இடிக்கப் போகிறவருக்கு அடுப்படி எதற்கு?

நீ "அலைக்கழித்தவர்" என்று சொல்கிறாயே, அவர் முதல் தடவை வந்தபோதே இரண்டு மணி நேரம் இருந்தார். கூடவே மனைவி, வயதான அம்மா. குழாயையெல்லாம் திறந்து பார்த்தார். மெயின் போர்டைத் திறந்து, வயரிங் எந்த வருஷத்தது என்றார். வாசலில் படி இருக்கிறதே, அம்மாவுக்கு முழங்கால் வலி, கைப்பிடி போட்டுத் தருவீர்களா, இல்லையென்றால் விலையில் குறைத்துக்கொள்வீர்களா என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் படி எதற்கு வந்தது என்று அவருக்குச் சொன்னேன்.

உனக்கும் தெரிந்திருக்காது. 1977 நவம்பரில் திருச்சியில் வெள்ளம் வந்தபோது அப்பா உறையூரில்தான் வாடகை வீட்டில் இருந்தார். இடுப்பளவு தண்ணீரில் பாட்டியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறியவர். 84-ல் சொந்த வீடு கட்டும்போது, கொத்தனார் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் அடித்தளத்தை உயர்த்தி ஐந்து படி வைத்தார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஐந்து படியையும் ஒரே தாவாகத் தாவுவாய். இப்போது வெளியே தெரிவது மூன்றுதான். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு இரண்டு படியைத் தெரு விழுங்கிவிட்டது. 2005-ல் ஊரெல்லாம் தண்ணீர் புகுந்தபோதும் நம் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை.

இதைச் சொன்னதும் அவர் மறுபடி வாசலுக்குப் போய்க் குனிந்து, ரோட்டுக்கும் நிலைப்படிக்கும் டேப் பிடித்து அளந்தார். திரும்பி வந்து, "படி இருக்கட்டும்மா. கைப்பிடியை நானே போட்டுக்கறேன்" என்றார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

இரண்டாம் தடவை நல்ல மழையில் குடையோடு வந்தார். சொல்லாமல் வந்ததில் எனக்கு எரிச்சல்தான். பின் அறையில் பரணுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கே சுவரில் ஓதம் பூத்திருப்பது உனக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்கும் முன் நானே சொன்னேன்: மாடியில் அந்த மூலையில் தளத்தில் பதித்த தட்டோடு விரிசல் விட்டிருக்கிறது, மூன்று வருஷமாக மழைக்கு ஈரம் இறங்குகிறது, சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டு விற்க எனக்கு மனசில்லை. மாடி அறை விஷயத்தையும் சொன்னேன். 98-ல் நீ படிக்க என்று அவசரமாகக் கட்டியது, பிளான் அனுமதி வாங்கவில்லை. கீழ் வீட்டுக்கு மட்டும் அந்தக் காலத்து நகராட்சி முத்திரையோடு நீல வரைபடம் இருக்கிறது. திருச்சி மாநகராட்சி ஆனதே 94-ல்தானே.

மறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? அவர் வாங்கியது பேங்க் லோனில். பேங்கிலிருந்து மதிப்பீடு செய்ய வந்தவர் மாடி அறையைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒப்பந்தம் போட்ட பிறகு இது தெரிந்திருந்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டிருப்பார், நியாயமும் அவர் பக்கம்தான் இருந்திருக்கும். முன்னாலேயே சொன்னதால் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓதத்துக்கும் மாடி அறைக்கும் சேர்த்து, நாம் சொன்ன 96-லிருந்து 91½-க்கு வந்தோம். பத்து லட்சம் அட்வான்ஸ், எல்லாம் பேங்க் மூலம். ஒப்பந்தத்தையும் ரிஜிஸ்டர் செய்தோம், மூன்று மாதக் கெடு.

அதற்குப் பிறகுதான் நீ கேள்விப்பட்ட தொந்தரவெல்லாம். நான் இல்லையென்று சொல்லவில்லை. அவருடைய வக்கீல் வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்குக் கேட்டார், மூலப்பத்திரம் கேட்டார், வாரிசுச் சான்றிதழ் கேட்டார், அப்பா பேரில் இருந்ததால் நீயும் அக்காவும் உங்கள் பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதியே ஆக வேண்டும் என்றார். உனக்கு அலைச்சல்தான். டொராண்டோவில் வேலைக்கு லீவு போட்டு, துணைத் தூதரகத்தில் காத்திருந்து உனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட நீ அக்கா பேருக்குப் பவர் பத்திரம் எழுதி அனுப்பினாய். அது இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரை வாங்கியாக வேண்டும் என்று அக்கா இரண்டு நாள் நடந்தாள். ஆனால் இதை அவர் கேட்காவிட்டால் பின்னால் வேறு யாராவது கேட்டிருப்பார்கள், தம்பி. பத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறவர் மேல் எனக்கு வருத்தம் வரவில்லை.

வருத்தம் வந்தது இரண்டு விஷயத்தில்.

ஒன்று, அளவு. பத்திரத்தில் 5½ சென்ட், அதாவது ஏறக்குறைய 2,396 சதுர அடி. அவர் சர்வேயரை வைத்து அளந்ததில் 2,360 வந்தது. 36 அடி குறைகிறது, அடிக்கு 3,500 வீதம் 1,26,000 கழியுங்கள் என்று நின்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. நாற்பது வருஷமாக நம்முடையது என்று கூட்டிப் பெருக்கிய இடத்தில் 36 அடி எங்கே போயிருக்கும் என்று விடியற்காலையில் நானே டேப்பை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய் நின்றேன். மேற்குப் பக்கத்துச் சுவர்தான் காரணம். பக்கத்து வீட்டுக்காரர் மதில் கட்டியபோது முழுக் கனமும் நம் பக்கம் வந்துவிட்டது. அப்பாவுக்கும் அது தெரியும், அக்கம்பக்கத்தில் மனஸ்தாபம் வேண்டாம் என்று விட்டுவிட்டார். அப்பா விட்டதற்கு இவரை முழுக் காசு கொடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 50,000 குறைத்தேன். பத்திரத்தில் நாலு எல்லையைச் சொல்லும் சக்குபந்தியில் இப்போதைய அளவையே எழுதச் சொன்னேன். நாளைக்கு அவர் பிள்ளைகள் காலத்தில் அதற்காக வழக்கு வரக் கூடாது. அப்படித்தான் 91 ஆனது.

இன்னொன்று, சாவி. ஆடியில் பதிவு வேண்டாம், ஆவணி முகூர்த்தத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார், சரி என்றேன். ஆனால் ஆடியிலேயே சாவியைக் கொடுங்கள், பெயின்ட் அடித்து, டைல்ஸ் மாற்றி, பதிவு முடிந்த அன்றே பால் காய்ச்சிவிடுகிறோம் என்றார். இதற்கு மட்டும் நான் இறங்கவே இல்லை. அவர் குரலை உயர்த்தினார், என் மேல் நம்பிக்கை இல்லையா என்றார். புரோக்கரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். நம் சொந்தத்திலேயே ஒருவர் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்து, மீதிக்காக இரண்டு வருஷம் கோர்ட்டு வாசலில் நின்றதை நான் கண்ணால் பார்த்தவள். "நம்பிக்கை இருக்குப்பா. முழுப் பணம் வந்த அன்னிக்கு, அதே மேஜையில் சாவி தரேன். அதுவரைக்கும் தச்சரைக் கூட்டி வா, அளவு எடுத்துக்கோ, நான் வீட்டில்தான் இருப்பேன்" என்றேன். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் தச்சரோடு வந்தார்.

நீ ஊரில் இருந்து ஒரு வீடு விற்க நேர்ந்தாலும் இதையே செய். மின்விசிறி கேட்டால் விட்டுக்கொடு, மோட்டார் கேட்டால் விட்டுக்கொடு. நான் இரண்டையும் விட்டேன். பணத்துக்கு முன்னால் சாவியைக் கொடுக்காதே.

ஆட்டுக்கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை எடுத்துச் செல்ல ஆள் கிடைக்கவில்லை. பழைய சாமான் கடைக்காரர் பித்தளை அண்டாவை எடை போட்டு எடுத்தார், இரும்பு பீரோவை எடுத்தார், ஆட்டுக்கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவரோ, கொல்லையில் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது, கல்லையும் அம்மியையும் அப்புறப்படுத்துங்கள் என்று சொல்லியிருந்தார். இந்த ஃபிளாட்டில் அதை எங்கே வைப்பேன்? பதிவுக்கு முந்தின வாரம் அவருடைய அம்மா வந்திருந்தார். கொல்லைக்குப் போய்ப் பலகையைப் போட்டு உட்கார்ந்து, குழவியைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றினார். குழியில் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாக் கொத்தி வச்சிருக்கீங்க. இது இங்கேயே இருக்கட்டும்டா" என்று மகனிடம் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் பாட்டியும் அதே இடத்தில்தான் அப்படி உட்கார்ந்திருப்பார்.

பதிவு நாளில் முகூர்த்தம் என்று கூடுதல் டோக்கன் கொடுத்திருந்தார்கள், அப்படியும் சரியான கூட்டம். என் ரேகை மெஷினில் மூன்று தடவை விழவில்லை, கையைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2, அவருக்கு 8,19,000 ஆயிற்று. அந்த 55 லட்சப் பொய்க் கணக்கை எழுதியிருந்தால் அதில் மூன்று லட்சத்துக்கு மேல் மிச்சமாகியிருக்கும், அவர் அதைக் கேட்கவே இல்லை என்பதை நீ நினைத்துப் பார். விலையில் 1 சதவீதம், 91,000 ரூபாய், வரியாகப் பிடித்து என் பான் எண்ணில் கட்டிவிட்டார். பேங்க் டிடி கையில் வந்ததும் ஏழு சாவியையும் கொடுத்தேன். எந்த வால்வு சம்ப்புக்கு, எது மாடித் தொட்டிக்கு, கிணற்று மோட்டாருக்கு எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அதையும் கொடுத்தேன். இப்போதும் வாரம் ஒரு தடவை போன் செய்து எதையாவது கேட்கிறார். போன ஞாயிறு, தென்னைக்கு எந்த மாதம் உப்புப் போடுவீர்கள் என்று கேட்டார்.

திரும்பி வரும் வழியில் வெக்காளியம்மன் கோயிலுக்குப் போனேன். விற்கிற முடிவெடுத்த அன்று, வீட்டில் குடியிருக்கிறவர்கள் வாங்க வேண்டும் என்று சீட்டு எழுதிச் சூலத்தில் கட்டியிருந்தேன். அன்றைக்கும் லேசாகத் தூறல். கூரை இல்லாத அம்மனோடு நானும் கொஞ்ச நேரம் நனைந்துகொண்டு நின்றேன்.

பணத்தைப் பற்றி ஆடிட்டரிடம் அக்கா பேசிவிட்டாள். இரண்டு வருஷத்துக்குள் ஃபிளாட் வாங்கினால் லாபத்துக்கு வரிச் சலுகை உண்டு, அதற்குள் வாங்க முடியாவிட்டால் ரிட்டர்ன் கட்டும் கெடுவுக்குள் பேங்கில் அதற்கென்று இருக்கும் தனிக் கணக்கில் போட வேண்டும் என்றாராம். லிஃப்ட் உள்ள இடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உன் மாடி அறையிலிருந்து வந்த தகரப் பெட்டியை மட்டும் நான் திறக்கவில்லை. பூட்டியே இருக்கிறது, கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்திருக்கிறேன். சாவி உன்னிடம் இருக்கிறதா? இல்லையென்றால் தையில் வரும்போது பூட்டை உடைத்துக்கொள்ளலாம். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்.

குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அன்புடன்,
அம்மா