தெர்மாகோல் மலைக்கு ஸ்ப்ரே பெயின்ட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசைமேல் சின்னஞ்சிறு பொம்மைகளை நகர்த்தி விளையாடும் 'பல்ப்' சாகச ஆட்டங்களைப் பற்றி வார இணைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். இந்தப் பொழுதுபோக்குக்கு நாளிதழில் அரைப்பக்கம் கிடைத்ததே பெரிது. படங்களும் அழகு. ஆனால் ஓரத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்த செய்முறையை நம்பி வேலையில் இறங்கும் வாசகர் முதல் நாளே வெறுத்துப்போவார்.

'தெர்மாகோலில் மலை வெட்டி, ஸ்ப்ரே பெயின்ட் அடித்துக் காயவிடவும்' என்று அதில் இருக்கிறது. சாதாரண ஸ்ப்ரே டப்பாவில் உள்ள அசிட்டோன், டொலுவீன் போன்ற கரைப்பான்கள், தெர்மாகோலின் மூலப்பொருளான பாலிஸ்டைரீனைக் கரைப்பவை. தெர்மாகோலில் ஏறக்குறைய 98 சதவீதம் காற்றுதான். மிச்சமிருக்கும் மெல்லிய சுவர் கரைந்தால் மலை கண்ணெதிரே உள்வாங்கிக் குழிந்துபோகும். சூப்பர் க்ளூவும், நெடியடிக்கும் ரப்பர் பசையும் இதே கதிக்குத்தான் கொண்டுவிடும். முதலில் மேற்பரப்பை மூட வேண்டும்: வெள்ளை மரப்பசை இரண்டு பங்கு, கறுப்பு அக்ரிலிக் வண்ணம் ஒரு பங்கு, தூரிகை ஓடுமளவுக்குத் தண்ணீர். ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்தபின் இன்னொன்று. அடிவிளிம்பைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் கரைப்பான் அதற்குள் புகுந்துவிடும். மூடியபிறகும் ஸ்ப்ரேயைத் தவிர்த்து அக்ரிலிக்கைத் தூரிகையால் பூசுவதே நிம்மதி.

தெர்மாகோலைவிட எக்ஸ்பிஎஸ் பலகை நல்லது. கட்டடங்களில் வெப்பக் காப்புக்குப் பயன்படுத்தும், நீலத்திலோ இளஞ்சிவப்பிலோ வரும் நெருக்கமான ஃபோம் அது. தெர்மாகோல் மணிமணியாக உதிரும்; இதில் கத்தி வழுக்கிக்கொண்டு போகும், பென்சிலால் அழுத்திக் கீறினால் கல் இடுக்கு அப்படியே பதியும். அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி மேலே உருட்டினால் பாறையின் சொரசொரப்பு வந்துவிடும். கட்டர் கத்தியைச் சாய்த்துப் பிடித்து நீளமாக இழுக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் தடிமனை ஒரே இழுப்பில் வெட்டப் பார்த்தால் உள்பக்கம் பிய்யும். இரண்டு மூன்று இழுப்பில் வெட்டுங்கள். பிய்கிறது என்றால் அலகு மழுங்கிவிட்டது என்று அர்த்தம், ஒரு துண்டை ஒடித்துவிட்டுத் தொடரலாம். சூட்டுக் கம்பியால் அறுப்பவர்கள் அவசரப்பட்டு அழுத்தினால் கம்பி வில்லாக வளைந்து வெட்டும் வளையும். கம்பியில் சூடு அதிகமானால் வெட்டு அகன்று ஓரம் உருகி நூல்நூலாக இழுபடும். அந்தப் புகையில் ஸ்டைரீன் இருக்கிறது. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது.

இரண்டு பலகைகளை வெள்ளைப் பசையால் ஒட்டினால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்றும் எழுதியிருந்தது. ஓரம் காயும், நடு காயாது. ஃபோம் ஈரத்தை உறிஞ்சாது. பசையிலுள்ள தண்ணீர் வெளியேற விளிம்பைத் தவிர வேறு வழியில்லை. பெரிய பரப்பென்றால் இரண்டு மூன்று நாள்கூட உள்ளே கூழாகவே கிடக்கும். பசையை முழுப்பரப்பிலும் தடவாமல் கோடு கோடாக இழுத்து, நான்கைந்து பல்குத்திகளைச் சாய்வாகக் குத்தி, மேலே கனமான புத்தகம் வைத்துவிட்டால் காயும்வரை நகராது. ஹாட் க்ளூ கன் விரைவுதான். ஆனால் அதிகச் சூடுள்ளது தெர்மாகோலைக் குடைந்துவிடும். குறைந்த சூட்டு வகையே வேண்டும்.

நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது அளவைப் பற்றி. கட்டுரையில் இருந்த கோயில் படம் பிரமாதம். ஆனால் அந்தப் படிக்கட்டில் ஒரு பொம்மைகூட நிற்காது. இவ்வகை ஆட்டங்களில் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் உயரப் பொம்மைகள்தான். நிஜத்தில் 56-இல் ஒரு பங்கு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 28 சென்டிமீட்டர் ஆழமுள்ள நிஜப் படி இந்த அளவில் 5 மில்லிமீட்டர். பொம்மையின் அடித்தட்டோ 25 மில்லிமீட்டர். ஆக, அளவு பிசகாமல் செய்த படிக்கட்டில் பொம்மை சரிந்து விழும். அளவை வேண்டுமென்றே பிசக விடுங்கள்: படியின் ஆழம் 25 முதல் 30, உயரம் 10 மில்லிமீட்டர். பார்வைக்குப் பிரம்மாண்டமான பழங்காலப் படிக்கட்டாகத்தான் தெரியும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வாசலும் அப்படியே. 2.1 மீட்டர் கதவு கணக்குப்படி 37.5 மில்லிமீட்டர்; அடித்தட்டின் தடிமனும் தூக்கிப் பிடித்த கைத்துப்பாக்கியும் சேர்ந்தால் பொம்மை உள்ளே போகாது. 45 உயரம், 30 அகலம் வையுங்கள். மலையைப் படிப்படியாக அடுக்கும்போது ஒவ்வொரு அடுக்கும் குறைந்தது 30 மில்லிமீட்டர் உள்வாங்க வேண்டும். சரிவு அழகுதான், ஆனால் உலோகப் பொம்மை அதில் வழுக்கும். கழற்றும் கூரைக்கு எல்லாப் பக்கமும் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். வண்ணப் பூச்சின் தடிமனை மறந்து கச்சிதமாக வெட்டியவர்களின் கூரை, பூசிய பிறகு சிக்கிக்கொண்டு சுவரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வரும்.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மரக்கூழில் செய்த மட்டமான தாளில் அச்சாகி, 1920, 30களில் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த மலிவு விலைக் கதை இதழ்களிலிருந்துதான் 'பல்ப்' என்ற பெயர் வந்தது. புதைந்த நகரம், முகமூடிக் கூட்டம், பாதியில் அறுந்து தொங்கும் பாலம் என்று போகிற கதைகள் அவை. பெரும்படைகள் மோதும் ஆட்டத்தில் மலை என்பது சுற்றிக்கொண்டு போக வேண்டிய ஒன்று. பல்ப் ஆட்டத்தில் அணிக்கு ஐந்து பொம்மைதான். அவை ஏற வேண்டும், தாண்ட வேண்டும், விழ வேண்டும். நிலக்காட்சி இங்கே பின்னணித் திரையன்று, அதுவும் ஒரு பாத்திரம். ஏறவோ ஒளியவோ இடம் தராத மாதிரிக் கோயிலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம், மேசையில் வேண்டாம்.

பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரு கரைக்கும் இடையே 12 சென்டிமீட்டர், நடைபாதை அகலம் 35 மில்லிமீட்டர். தூண்களுக்கு 3 மில்லிமீட்டர் மூங்கில் குச்சி, பலகைகளுக்குக் கம்பித் தூரிகையால் கீறி இழையோட்டம் காட்டிய ஐஸ்குச்சி. வெறும் நூலில் பலகை கட்டினால் நடு தொய்ந்து எல்லாப் பொம்மையும் அங்கே வந்து குவியும். இரண்டு இரும்புக் கம்பிகளை மிக லேசாக வளைத்து, அவற்றின்மேல் பலகைகளை ஒட்டி, பக்கக் கயிற்றை மட்டும் நூலில் கட்டுங்கள். நூலை வெள்ளைப் பசையில் நனைத்து விரலால் உருவிவிட்டால் பிசிறு அடங்கும். இல்லாவிட்டால் வண்ணம் பூசியபின் கம்பளிப்பூச்சிபோல் நிற்கும்.

காட்டுக்கு மீன்தொட்டிப் பிளாஸ்டிக் செடிகளும், அவற்றுக்கு அடித்தளமாக வீணாய்க் கிடக்கும் சிடிக்களும் போதும். 12 சென்டிமீட்டர் வட்டம், ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய தடிமன், வளையாது. அந்த வழவழப்பில் பசை பிடிக்காது. உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, நடுத்துளையை அட்டையால் அடைத்துவிட்டுத் தொடங்குங்கள். செடிகளை நுரை வரக் கழுவுங்கள், அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் எதுவும் ஒட்டாது. கழுவினாலும் அந்தப் பிளாஸ்டிக்கில் பசையின் பிடி பலவீனம்தான். ஆகவே தண்டை ஃபோம் துண்டுக்குள் ஆழமாகக் குத்திவிட்டுப் பசையிடுங்கள். தடித்த வண்ணம் பூசினால் இலை மடங்கும்போதெல்லாம் உரியும். மேட் வார்னிஷில் சிறிது பழுப்பு கலந்து தடவினால் பளபளப்பு போகும், அது போதும். மரங்களை மட்டும் வட்டத்தில் ஒட்டவே கூடாது. வாஷர் வைத்துக் கனமாக்கிய தனி அடித்தட்டில் நிறுத்துங்கள். பொம்மை காட்டுக்குள் நுழையும்போது மரத்தை எடுத்து நகர்த்தலாம், வட்டம் காட்டின் எல்லையைக் காட்டிக்கொண்டிருக்கும்.

மணல் ஒட்டும்போது ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பிறகு ஒரு பங்கு பசைக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டு மறுபடி காயவிட வேண்டும். இதைச் செய்யாதவர்களின் மணல், ட்ரை பிரஷ் (ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் வண்ணம் தேய்ப்பது) போடும்போது தூரிகையோடு வந்துவிடும். ஆற்றுக்கு எபாக்சி ரெசின் ஊற்றுகிறவர்கள் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் ஊற்ற வேண்டாம். இறுகும்போது வெளிவரும் சூடு கீழே உள்ள ஃபோமைச் சுருக்கிவிடும். நேர்மையாகச் சொன்னால் ரெசினே தேவையில்லை. நடுவில் கருநீலப் பச்சை, கரையோரம் வெளிர் பழுப்பு, மேலே மூன்று பூச்சு பளபளப்பு வார்னிஷ்: ஆறு ஓடும். அடியில் வைக்கும் எம்டிஎஃப் பலகையில் (மரநாரை அழுத்திச் செய்தது) ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் வண்ணம் பூசினால் வளையும் என்பதால் அடிப்பக்கத்துக்கும் ஒரு பூச்சு கொடுங்கள்.

வண்ணத்தில் சூட்சுமம் ஒன்றுமில்லை. அடர் பழுப்பில் தொடங்கி, வாஷ் (இடுக்குகளில் இறங்கும் நீர்த்த வண்ணம்) விட்டு, காய்ந்தபின் இரண்டு முறை ட்ரை பிரஷ், ஒவ்வொரு முறையும் வெளிறிய நிறத்தில். வாஷுக்கு ஒரு பங்கு வண்ணம், பத்துப் பங்கு தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு இல்லாவிட்டால் தண்ணீர் இடுக்கில் இறங்காமல் முத்து முத்தாக நிற்கும். ட்ரை பிரஷ்ஷில் வண்ணம் மிச்சமிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், இருக்கிறது. இன்னும் தாளில் துடையுங்கள்.

இனி ஆட்டம். 90-க்கு 90 சென்டிமீட்டர் மேசை, ஒரு நகர்வுக்கு 15 சென்டிமீட்டர், ஆறு சுற்று. நடுப்புள்ளியை எட்டவே மூன்று சுற்று ஆகும். ஆகவே புதையலை நடுவில் வைத்து, நான்கு துப்புகளை அவரவர் விளிம்பிலிருந்து 25 சென்டிமீட்டர் உள்ளே வையுங்கள். துப்பு ஒன்றாவது கையில் கிடைக்காமல் புதையலைத் தொடக்கூடாது என்று விதி போட்டால், எல்லோரும் முதல் சுற்றிலேயே நடுவுக்கு ஓடுவது நிற்கும். மேசையில் மலை, காடு, சுவர் என்று பத்துப் பன்னிரண்டு நிலக்காட்சித் துண்டுகள் இருக்கட்டும். நூல் ஒன்றை எடுத்து விளிம்புக்கு விளிம்பு நீட்டிப் பாருங்கள். எந்த இடத்திலும் தடையில்லாமல் 40 சென்டிமீட்டருக்கு மேல் பார்வை போகக்கூடாது. போனால் இரண்டே சுற்றில் துப்பாக்கி தீர்ப்பு எழுதிவிடும், பாலத்துக்கு வேலையே இருக்காது.

நாயகனுக்குப் பத்து முகப் பகடை, தோழருக்கு எட்டு, மற்றவர்களுக்கு ஆறு. எல்லோருக்கும் 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி. முறையே 70, 62.5, 50 சதவீத வாய்ப்பு. விதி ஒன்றே, ஆள் தரம் பகடையில் தெரியும். யார் முந்துவது என்பதற்குத் துணிப்பையில் பொம்மைக்கு ஒரு பாசிமணி, அணிக்கு ஒரு நிறம்; பார்க்காமல் எடுத்த மணி எந்த நிறமோ அந்த அணி ஒரு பொம்மையை நகர்த்தும். சுற்றை முடிக்க ஒரு கறுப்பு மணி போடும் வழக்கம் பரவலாக உண்டு. பத்துப் பொம்மை இருந்தால் சராசரியாக ஐந்து பொம்மைதான் நகரும், பாதிப் பேர் சும்மா நிற்பார்கள். இரண்டு கறுப்பு மணி போட்டு, இரண்டாவது வரும்போது சுற்று முடிகிறது என்று வைத்தால் சராசரி 7-ஐ நெருங்கும், பரபரப்பும் குறையாது. வீழ்ந்த நாயகனை உடனே மேசையைவிட்டு எடுக்காதீர்கள். அடுத்த சுற்றின் தொடக்கத்தில் பகடை போட்டு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் எழுந்துகொள்ளட்டும். இந்தக் கதைகளில் நாயகன் பள்ளத்தில் விழுந்தால் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதானே இருப்பான்!

அந்த இதழ்களின் இன்னொரு பழக்கத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. ஆசியாவும் ஆப்பிரிக்காவும் அவற்றில் காட்டுமிராண்டிகளின் ஊர். வெள்ளைக்காரத் துரை சிலையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அது வீரம். கட்டுரையின் மாதிரி ஆட்டமும் அதையே திருப்பிச் சொல்கிறது. மேசையில் அதைப் புரட்டிப்போட ஒரு நிமிடம் போதும்: சிலையைத் திருட வருபவன் வில்லன், காப்பவர்கள் நாயகர்கள். ஆட்டமும் கூர்மையாகும். இடம் தெரிந்தவர்கள் என்பதால் காப்பவர்களுக்கு மூன்று இரகசியக் கதவு அட்டைகள் கொடுங்கள். மறைத்துக் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றில் நுழைந்தவர் இன்னொன்றில் வெளிவரலாம். திருட வருபவர்களுக்கு ஆள் ஒன்று கூடுதலாகத் தந்தால் இரு தரப்புக்கும் ஈடாக இருக்கும்.

மற்றவற்றுக்கு இடமில்லாவிட்டாலும், அடுத்த இணைப்பில் அந்த ஸ்ப்ரே பெயின்ட் வரிக்கு மட்டுமாவது திருத்தம் போடுங்கள். விடுமுறை தொடங்குவதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
மேசை ஆட்ட ஆர்வலர்கள் சிலர்