மகளுக்கு: ரேடார் அளப்பது நேரத்தை

அன்புள்ள கண்ணு,

கப்பலில் பயிற்சிக்குச் சேர்ந்ததிலிருந்து, திரையில் தூரம் இவ்வளவு காட்டியது, அவ்வளவு காட்டியது என்றே எழுதுகிறாய். ரேடாருக்குத் தூரம் தெரியாதம்மா. அது அனுப்பும் ரேடியோ அலைத் துடிப்பு எப்போது கிளம்பியது, எதிரொலி எப்போது திரும்பியது, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். மீதி எல்லாம் கணக்கு. அந்தக் கணக்கு உன் மனதில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில், அதாவது விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில், 300 மீட்டர் ஓடும். போனது பாதி, வந்தது பாதி. ஆகவே ஒரு மைக்ரோ விநாடித் தாமதத்துக்கு 150 மீட்டர். 80 மைக்ரோ விநாடி கழித்து எதிரொலி வந்தால் எதிரே நிற்பது 12 கிலோமீட்டரில்.

இது தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் ஊர்க் கதையும்கூட. 1939 செப்டம்பரில், கேப் டவுனிலிருந்து டர்பனுக்கு வந்த கப்பலில்தான் நியூசிலாந்து விஞ்ஞானி எர்னஸ்ட் மார்ஸ்டன் ரேடார் விவரங்களை பாசில் ஷான்லாண்டிடம் சொன்னார். ஷான்லாண்ட் மின்னலை ஆராய்ந்தவர். அவருடைய குழு ஜோகன்னஸ்பர்க்கில் கிடைத்த பாகங்களைக் கொண்டே கருவியைக் கட்டி, டிசம்பர் 16 அன்று நார்த்கிளிஃப் குன்றின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து முதல் எதிரொலியைப் பிடித்தது. அடுத்த ஆண்டு தாங்கள் கட்டிய கருவியைக் கடலோரத்தில் சோதிக்க இங்கே டர்பனில் உள்ள அவோகாவுக்குக் கொண்டுவந்தார்கள். நாம் காய்கறி வாங்கப் போகும் அதே அவோகா! மூன்றே மாதத்தில் அவர்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

துறைமுகத்தில் கப்பல் ரேடார்களைப் பழுதுபார்த்தே என் காலம் போனது. அதனால் சொல்கிறேன், மூன்று விஷயங்களில் கவனமாக இரு.

துடிப்பின் நீளம் ஒரு மைக்ரோ விநாடி என்றால், ஒரே திசையில் 150 மீட்டருக்குள் முன்பின்னாக நிற்கும் இரண்டு படகுகள் திரையில் ஒன்றாகிவிடும். மீன்பிடிப் படகுகள் நடுவே போகும்போது குறுகிய துடிப்புக்கு மாற்றிக்கொள்.

இரண்டாவது, விநாடிக்கு 1,000 துடிப்பு அனுப்பும் ரேடாரில் அடுத்த துடிப்பு கிளம்புமுன் 150 கிலோமீட்டர் வரைதான் எதிரொலி வந்து சேரும். சில நாள் காற்றின் அடுக்குகள் அலையை வளைத்து வெகுதூரம் கொண்டுபோகும். அப்போது 155 கிலோமீட்டரில் உள்ள மலை, 5 கிலோமீட்டரில் நிற்பதுபோல் தெரியும். பயந்து சுக்கானைத் திருப்பச் சொல்லாதே. தூர அளவை மாற்றிப் பார். அதனுடன் விநாடிக்கு அனுப்பும் துடிப்புகளின் எண்ணிக்கையும் மாறினால் பொய்யான புள்ளி இடம் மாறிவிடும், உண்மையானது அப்படியே நிற்கும்.

மூன்றாவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆன்டெனா கேபிளில் அலை ஓடும் நேரத்தைக் கழிக்காமல் விட்டால் எல்லாத் தூரமும் ஒரே அளவு பிசகும். தொலைவில் அது உறைக்காது, கிட்டத்தில் ஆபத்து. டர்பன் துறைமுகத்தின் நுழைவுக் கால்வாய்க்குள் வரும்போது பக்கத்தில் வரும் அலைதடுப்புச் சுவரைத் திரையில் பார். நேரான சுவர் நேராகத் தெரிய வேண்டும். வளைந்திருந்தால் அந்தப் பிசகு இருக்கலாம், உடனே மேலதிகாரியிடம் சொல். புதியவள் என்று தயங்காதே.

அடுத்த மாதம் கப்பல் இங்கே வருமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். தேதி தெரிந்ததும் எழுது.

அன்புடன்,
அப்பா