உகந்தையில் தொடங்கி அறுகம்பையில் முடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறை வந்தால் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கமிருந்து வான் பிடித்துத் தெற்கே போகிறவர்கள் பெரும்பாலும் அறுகம்பைக் கடற்கரையில் இறங்கிக் குளித்து, சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம்தான் உகந்தை முருகன் கோயிலுக்கு ஓடுகிறார்கள். இந்த வரிசைதான் பிழை.

பொத்துவிலிலிருந்து பாணமை வழியாக உகந்தை ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பாணமைக்கு அப்பால் காடு. பொழுது சாயும்போது யானை வீதிக்கு வரும். எனவே தூரத்து இடத்தை முதலில் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். மட்டக்களப்பிலிருந்து விடியப்புறம் 4 மணிக்கு முன் வெளிக்கிட்டால், வெளிச்சம் வரும் நேரம் பொத்துவிலில் நிற்கலாம். பெற்றோலையும், ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீரையும் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், உகந்தைக்குப் போகும் வழியிலுள்ள குடும்பிகல. (கிரானுக்கு மேற்கே உள்ள குடும்பிமலை வேறு.) இது பழைய பௌத்த வனவாசத் தலம், உச்சியில் உருளை வடிவத் தூபி. அங்கு நின்றால் ஒரு பக்கம் காடு, கிழக்கே கடல். பாறையில் வெறுங்காலோடு ஏற வேண்டியிருப்பதால் நேரம்தான் முக்கியம். 10 மணிக்குப் பின் கல் சுட்டு உள்ளங்கால் கொப்பளிக்கும். இறங்கும்போது அவசரப்பட்டுச் சறுக்குவதும் அதனால்தான். மழை பெய்த மறுநாள் ஏறவே வேண்டாம், பாசி வழுக்கும்.

அடுத்தது உகந்தை முருகன் கோயில். மலையிலே சுனைகள், பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீர் கல்லைக் காலங்காலமாக அரித்து ஆழமாக்கியவை. முருகனும் வள்ளியும் வந்த கல்லோடங்கள் என்று சொல்லப்படும் பாறைகள் கரையில் உள்ளன. அவற்றினருகே கடலில் இறங்க வேண்டாம், அலை கல்லில் அடித்துவிடும். ஆடித் திருவிழாவின்போது கதிர்காம யாத்திரிகர் கூட்டம் நிறைந்திருக்கும். சுற்றிப் பார்க்க அது தோதான காலமல்ல.

குமண சரணாலயத்தை இதே நாளில் சேர்க்காதீர்கள். அதற்கு ஜீப்பும் அரை நாளும் தேவை. இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும்.

மதியம் பாணமையில் சாப்பிட்டு, 3 மணியளவில் அறுகம்பைக்குத் தெற்கே யானைப்பாறை. கரையால் நடக்கும்போது களப்பின் முகத்துவாரம் வெட்டியிருந்தால் கடக்கக் கூடாது: நீரோட்டம் இழுக்கும், களப்பில் முதலையும் உண்டு. மணல் மூடியிருந்தால் நடக்கலாம். 5 மணிக்குத் திரும்பிவிடுங்கள். அறுகம்பைக் குளிப்பைக் கடைசிக்கு வைத்தால் போதும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை மாரிமழை. இந்தப் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

பாணமைச் சந்தியில் தூரம், யானை நடமாடும் நேரம் இரண்டையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய பலகை வைக்கப் பொறுப்பானவர்கள் முன்வர வேண்டும்.

வாசகர்,
அக்கரைப்பற்று