கேசினோ மேலாளருக்குத் துப்பாக்கி எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் சூதாட்ட விடுதித் தொடரை விடாமல் படிக்கிறேன். கதாநாயகன் என்ன ஆனாலும் எனக்குக் கவலையில்லை. என் கண் முழுக்க அந்த மேலாளர் மேல்தான். பயணிகள் கப்பல் கேசினோக்களில் டீலராக, அதாவது மேசையில் ஆட்டத்தை நடத்துபவராகச் சேர்ந்து மேசைக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டவர்களையும் அதைப் பிடித்தவர்களையும் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். வில்லன் கட்டாயம் வேண்டும். ஆனால் இந்த ஆளை நம்ப முடியவில்லை.

போன வாரம் அவர் ரூலெட் (சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண் குழியில் விழும் என்று பணம் கட்டும் ஆட்டம்) மேசைக்கடியில் ஒரு பொத்தானை அழுத்த, காந்தம் பந்தை இழுக்கிறது. சகுனி காலத்துப் பழக்கம். சூது என்றாலே கள்ளக் காய் இருந்தாக வேண்டும் நமக்கு. இப்போதைய ரூலெட் பந்தில் இரும்பே கிடையாது, அதை விடுங்கள். ஏமாற்ற வேண்டிய தேவை எங்கே இருக்கிறது? ஒற்றைச் சுழியச் சக்கரத்தில் சுழியமும் 1 முதல் 36 வரையுமாக 37 குழிகள். ஒரு எண்ணில் கட்டி ஜெயித்தால் கிடைக்கும் லாபம் 35 மடங்குதான், கட்டிய காசையும் சேர்த்தால் 36. அந்த இடைவெளியிலேயே நூற்றுக்கு 2.7 விடுதிக்கு வந்து சேர்கிறது. அமெரிக்க இரட்டைச் சுழியச் சக்கரம் என்றால் 5.26. கோணல் சக்கரம் விடுதிக்குத்தான் ஆபத்து. 1990களில் மாட்ரிட்டில் ஒரு குடும்பம் விழுந்த எண்களைக் குறித்துக் குறித்தே சக்கரங்களின் சின்னக் கோணலைக் கண்டுபிடித்துப் பெரும்பணம் அள்ளியது. விடுதி அவர்களை உள்ளே விட மறுத்தது. ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில் 2004இல் ஜெயித்தது குடும்பம்தான். சக்கரம் சமமாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்பவர்தான் விவரமான மேலாளர்.

இன்னொரு காட்சி. நள்ளிரவில் பணப்பெட்டியைத் திறந்து கட்டுக்கட்டாகப் பைக்குள் திணிக்கிறார். நடக்காத காரியம். மேசையில் வாங்கும் நோட்டுகளை டீலர் கேமராவுக்குத் தெரியும்படி விரித்துக் காட்டி, ஒரு பிளாஸ்டிக் தகட்டால் பூட்டிய பெட்டிக்குள் தள்ளுவார். திறக்கும் சாவி ஒருவர் கையில் மட்டும் இருக்காது. மேசையை விட்டு நகரும்போது டீலர் கைகளைத் தட்டி, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இன்றைக்கும் சாப்பிட்டு எழும்போது என் கை தானாகத் தட்டிவிடுகிறது, வீட்டில் சிரிக்கிறார்கள்.

சரி, அப்படியானால் வில்லத்தனம் எங்கே? அவர் போடும் பெருக்கலில். ஆட்டக்காரரின் சராசரிப் பந்தயம், மணிக்கு எத்தனை சுற்று, எத்தனை மணி நேரம், விடுதியின் விகிதம், இந்த நான்கையும் பெருக்குவார். 100 டாலர் வீதம், மணிக்கு 40 சுற்று, 4 மணி நேரம், 2.7 சதவீதம் என்றால் 432 டாலர். அன்றைக்கு அவர் ஜெயித்திருந்தாலும் மேலாளரின் ஏட்டில் அந்த ஆளின் மதிப்பு 432 டாலர். அதில் ஒரு பங்கை இலவச அறையாகவும் விருந்தாகவும் திருப்பித் தருவார். வாங்கியவர் தன்னை ராஜாவாக நினைத்துக்கொள்வார். கை மெதுவான டீலரை நல்ல மேசையிலிருந்து தூக்குவதும் இதே பெருக்கலால்தான். நானே தூக்கப்பட்டிருக்கிறேன்.

உங்கள் தொடரில் பெரிதாக ஜெயித்தவனை அடியாட்கள் இருட்டில் மடக்குகிறார்கள். நான் பார்த்த மேலாளர்கள் ஜெயித்தவரைத் தொட்டதில்லை, இன்னொரு ராத்திரி தங்க வைப்பார்கள். ஒருவர் நினைவுக்கு வருகிறார். குரலை உயர்த்தியதே கிடையாது. தோற்றுக்கொண்டிருப்பவர் கடிகாரத்தைப் பார்த்தால் போதும், பக்கத்தில் வந்து நிற்பார். மகளைப் பெயர் சொல்லி விசாரித்து, பரீட்சை எப்படி எழுதினாள் என்பார். அந்தப் பெயரை முதல் நாளே எங்களைக் குறித்து வைக்கச் சொன்னது ஆட்டக்காரருக்குத் தெரியாது. எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிடுவார்.

அவருக்கு ஆசை பணத்தின் மேல் என்பதைவிட அடுத்த பதவியின் மேல். அதைத் தீர்மானிப்பது மாதக் கணக்கு. கதாசிரியருக்குத் தீனி இங்கேதான் இருக்கிறது. நூற்றுக்கு 2.7 என்பது பல்லாயிரம் சுற்றுகளில் ஒத்துவரும். ஒரு மாதத்தில் காலை வாரவும் செய்யும். 1913இல் மான்டி கார்லோவில் தொடர்ந்து 26 தடவை கறுப்பு விழுந்தது. சிவப்பு வந்தே தீரும் என்று கட்டிக்கொண்டே போனவர்கள் அழிந்தார்கள், விடுதிக்குக் கொள்ளை லாபம். அந்தக் காற்று எதிர்ப்பக்கமும் அடிக்கும். அடித்த மாதத்தில் தலைமையகம் கணிதம் கேட்காது, பணம் எங்கே என்றுதான் கேட்கும். அந்த நேரம் பார்த்து, போதையில், காசு தீர்ந்த பழைய ஆட்டக்காரர் ஒருவர் கடன் கேட்டு வந்து நிற்கிறார். மேலாளர் கையெழுத்துப் போட்டால் சிப், அதாவது பணத்துக்குப் பதிலாகக் கட்டும் வில்லை, கைக்கு வந்துவிடும். போடுவாரா?

2007இல் லாஸ் வேகாஸில் ஒரு தொழிலதிபர் ஒரே ஆண்டில் சுமார் 127 மில்லியன் டாலர் தோற்றார். போதையில் இருந்த தன்னை ஆடவிட்டார்கள் என்பது அவர் புகார். விடுதி நிறுவனத்துக்குப் பிற்பாடு அபராதம் விழுந்தது. அங்கே காந்தமும் இல்லை, அடியாளும் இல்லை.

தொடர் எழுதுகிறவரின் நடை எனக்குப் பிடிக்கும். மிச்ச வாரங்களில் அந்த மேலாளரை ஒரு தடவையாவது கடன் படிவத்தோடு உட்கார வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ஓவியரிடமும் ஒரு வார்த்தை. சக்கரத்தில் 1, 2, 3 என்று வரிசையாக எண் போட்டிருக்கிறார். ஒற்றைச் சுழியச் சக்கரத்தில் சுழியத்துக்கு ஒரு பக்கம் 32, மறுபக்கம் 26.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கேசினோ மேசைக் கண்காணிப்பாளர்