கார் வாங்கப் போகும் மகளுக்கு

அன்பு மகள் வள்ளிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் ஆச்சியும் சுகம். உன் சம்பளத்தில், உன் பேரில் கார் எடுக்கப் போகிறாய் என்று கேட்டதிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. எந்த கம்பெனி, என்ன கலர் என்பதை நீயும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது வேறு சில விஷயங்கள்.

ஷோரூமில் முதலில் சொல்லும் விலையை நம்பி பட்ஜெட் போடாதே. வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலை எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதித் தரச் சொல். நம் தமிழ்நாட்டில், வண்டிக்கு ஒரே தடவையாகக் கட்டும் ஆயுள் வரி, விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை இருந்தால் 13 சதவீதம். அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.90 லட்சம் வண்டிக்கும் 10.20 லட்சம் வண்டிக்கும் விலையில் முப்பதாயிரம்தான் வித்தியாசம். வரியிலோ சுமார் 55,000 ரூபாய் கூடிவிடும்! சன்ரூஃபுக்கு ஆசைப்பட்டு மேல் மாடலுக்குப் போகும்முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார். ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஏதாவது எழுதியிருந்தால், எதற்கு என்று கேட்டு எடுக்கச் சொல். கேட்கக் கூச்சப்படாதே, உன் காசு.

இன்சூரன்ஸை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியிலும் விசாரி. புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) மட்டும் 3 வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டியாக வேண்டும். அப்புறம், நீ இருப்பது வேளச்சேரி. மழை வந்தால் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துகிற இடம். இன்ஜினுக்குள் தண்ணீர் போய்ப் பழுதானால் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் வராது. அதற்கென்று இருக்கும் ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் காப்பீட்டைக் கட்டாயம் சேர்த்துக்கொள். அது இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் மட்டும் பண்ணிவிடாதே. கட்டி இழுத்துத்தான் கொண்டு போக வேண்டும்.

டெஸ்ட் டிரைவுக்கு உன் அத்தையையும் கூட்டிப் போ. மூட்டுவலிக்காரர், குனிந்து ஏறாமல் பின் சீட்டில் உட்கார முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பேரனுக்குக் குழந்தை சீட் மாட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா, மோதினால் எவ்வளவு பாதுகாப்பு என்று பார்க்கும் பாரத் என்கேப் சோதனையில் எத்தனை ஸ்டார் என்பதையும் கேள். வீட்டு பார்க்கிங்கில் தூணுக்கும் தூணுக்கும் நடுவே டேப் வைத்து அளந்துவிடு. கதவு திறக்கவும் இடம் வேண்டுமே.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான்: பதிவு செய்வதற்கு முன்னால், ஷோரூம்காரர்கள் வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டுக்கே போய் உனக்கு ஒதுக்கிய வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பார். வண்டியில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பர் பில்லோடு ஒத்துப்போகிறதா? தயாரித்த மாதம், வருஷம் என்ன? டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தையும், கடைசி இரண்டு இலக்கம் வருஷத்தையும் சொல்லும். பெயிண்டில் ஒட்டுப்போட்ட அடையாளம் தெரிகிறதா? உன் பேரில் பதிவாகிவிட்டால் வண்டியை மாற்றித் தரச் சொல்வது பெரும்பாடு. டிசம்பரில் தள்ளுபடி நிறையக் கிடைக்கும். ஆனால் பின்னால் விற்கும்போது ஒரு வருஷம் பழைய வண்டியாகத்தான் கணக்கு.

லோன் ஐந்து வருஷத்துக்கு மேல் போக வேண்டாம். முன்கூட்டி அடைத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள். முன்பணத்துக்கு நாங்களும் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறோம். வேண்டாம் என்று சொல்லாதே. எவ்வளவு குறைகிறது என்று அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல். திங்கட்கிழமை பேங்குக்குப் போகிறார்.

அன்புடன்,
அம்மா