நடவுக்கு மானியம் சரி, விலைக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வேளாண் பக்கத்தில் ரப்பர் நடவு மானியம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எக்டேருக்கு 25,000 ரூபாயாக இருந்த மானியம் 40,000 ஆனதையும், வடகிழக்கு மாநிலங்களில் புதுத் தோட்டங்கள் பெருகுவதையும் எழுதிவிட்டு, இதனால் ரப்பர் விவசாயிகளின் வருமானம் உயரும் என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

ஐயா, மானியத்தால் மரம் வரும். வருமானம் விலையால்தான் வரும். இன்று நடும் கன்று பால் வெட்டுக்கு வர ஏழு வருடம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதுவரை உரமும் களையெடுப்பும் எங்கள் கைக்காசு. முதல் மூன்று வருடம் கன்றுகளுக்கு இடையே அன்னாசி போடும் குத்தகைக்காரர் கிடைத்தால் பிழைத்தோம். ஏழு வருடம் கழித்து என்ன விலை இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எல்லா இடங்களிலும் அரசுகள் பணம் கொடுத்து ஒரே சமயத்தில் நடச் சொன்னால் என்ன ஆகும் என்பதை நாங்கள் ஒருமுறை அனுபவித்துவிட்டோம். தாய்லாந்தில் 2004 முதல் அரசே கன்று கொடுத்து வடகிழக்குப் பகுதியில் லட்சக்கணக்கான ஏக்கரில் ரப்பர் வைக்கச் செய்தது. வியட்நாம், லாவோஸ், கம்போடியா என்று ஒவ்வொரு நாடும் பின்னாலேயே நட்டது. 2011 ஏப்ரலில் இங்கே ஆர்.எஸ்.எஸ். 4 என்ற தரத்துப் புகை போட்ட ரப்பர் ஷீட் கிலோ 240 ரூபாயைத் தொட்டது. அந்த மரங்களெல்லாம் வெட்டுக்கு வந்தன. 2016 பிப்ரவரியில் விலை 100-க்கும் கீழே போனது.

அந்த வருடம் எங்கள் கன்னியாகுமரி மாவட்ட மலையோரத்துக்கு உங்கள் நிருபர் யாராவது வந்திருந்தால் பார்த்திருப்பார். குலசேகரத்திலிருந்து கடையாலுமூடு வரை வெட்டாமல் போட்ட ரப்பர் விளைகள்தான் (தோட்டங்களை நாங்கள் விளை என்போம்). பால்வெட்டுக் கூலி கொடுத்து, ஆசிட் வாங்கி, ஷீட் அடித்து, புகை போட்டு எடுத்துக்கொண்டு போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. என் தம்பி நல்ல வெட்டில் இருந்த மரங்களை விறகுக்கும் பலகைக்கும் விற்றுவிட்டு மரச்சீனி (மரவள்ளி) போட்டான்.

நாட்டில் ரப்பருக்குப் பற்றாக்குறை இருக்கிறது, அதனால் எவ்வளவு நட்டாலும் விலை விழாது என்று கட்டுரையாளர் எழுதுகிறார். பற்றாக்குறை உண்மைதான். இப்போது உற்பத்தி ஏறக்குறைய எட்டரை லட்சம் டன், தேவை 14 லட்சம் டன். ஆனால் 2010-11-ஐ எடுத்துப் பாருங்கள். உற்பத்தி சுமார் 8.6 லட்சம் டன், பயன்பாடு 9.5 லட்சம் டன். குறை ஒரு லட்சம் டன்கூட இல்லை, விலையோ உச்சத்தில். 2015-16-இல் உற்பத்தி 5.6 லட்சம் டன்னாகச் சுருங்கிவிட்டது, பயன்பாடு 9.9 லட்சம் டன். குறை நான்கு லட்சம் டன்னைத் தாண்டிய அந்த ஆண்டில்தான் விலை தரையில் கிடந்தது. பற்றாக்குறைதான் விலையைத் தாங்கும் என்றால் அந்த ஆண்டு நாங்கள் செழித்திருக்க வேண்டும். வெளிநாட்டில் மலிந்தால் கப்பலில் வந்து இறங்கிவிடுகிறது. எங்கள் சந்தையில் விலையை நிர்ணயிப்பது அதுதான்.

40,000 ரூபாய் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். ஓர் எக்டேரில் வருடத்துக்கு 1,400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். விலையில் கிலோவுக்கு 30 ரூபாய் இறங்கினால் ஒரே வருடத்தில் 42,000 ரூபாய் போய்விட்டது. தவணை தவணையாகக் கொடுத்த மானியம் முழுவதும் ஒரு வருட விலைச்சரிவில் கரைந்துவிடும். மரமோ இருபது வருடத்துக்கு மேல் வெட்டில் நிற்கும்.

டயர் நிறுவனங்கள் 2021-இல் மத்திய அரசின் ரப்பர் வாரியத்தோடு கைகோத்து, வடகிழக்கிலும் மேற்கு வங்கத்திலும் 2 லட்சம் எக்டேரில் நடுவதற்குச் சுமார் 1,000 கோடி ரூபாய் தர முன்வந்தன. உங்கள் கட்டுரை அதை விவசாயிகளுக்குக் கிடைத்த உதவி என்று பாராட்டுகிறது. எக்டேருக்கு ஒரு டன் என்று குறைத்துப் பிடித்தாலும் வருடத்துக்கு 2 லட்சம் டன் கூடுதலாகச் சந்தைக்கு வரும். வாங்குகிறவரே பணம் கொடுத்து நடச் சொல்வது அவருக்கு மலிவாகச் சரக்கு கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். வியாபாரிக்கு அது நியாயமாக இருக்கலாம், விவசாயிக்கு உதவி என்று பெயர் வைக்க வேண்டாம். திரிபுராவிலும் அசாமிலும் நடுகிறவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்களும் எங்களைப் போல ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கர்காரர்கள். 2028-க்குப் பிறகு விலை இறங்கினால் எங்களோடு சேர்ந்து அவர்களும்தான் அழப்போகிறார்கள்.

விலைக்கு அரசு ஒன்றுமே செய்ய முடியாது என்பதும் இல்லை. 1947-ஆம் ஆண்டின் ரப்பர் சட்டத்தில் 13-ஆம் பிரிவு இருக்கிறது, குறைந்தபட்ச விலையை அரசே நிர்ணயிக்கலாம். 2001-இல் ஆர்.எஸ்.எஸ். 4-க்கு 32 ரூபாய் 9 பைசா என்று அறிவிக்கவும் செய்தார்கள். அந்த விலைக்கு என்னிடம் வாங்கிய கடைக்காரர் ஒருவர்கூட இல்லை. அப்புறம் 2003-இல் விலை நிலைப்படுத்தும் நிதி என்று ஒன்று வந்தது. 500 ரூபாய் நுழைவுக் கட்டணம் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். பத்து வருடத்தில் அதை மூடிவிட்டார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்து ஒரே இரவில் என் விளையில் பாதிக்கு மேல் மரங்களைச் சாய்த்தது. நிவாரணத்துக்கு மனு கொடுத்த அலுவலகத்தில் இந்தத் தாள் இல்லை, அந்தத் தாள் இல்லை என்று அலைய விட்டார்கள். அப்போது நட்ட கன்றுகள் இப்போதுதான் வெட்டுக்கு வந்திருக்கின்றன. அந்த ஷீட்டைக் கொண்டுபோனால் ஈரம் என்று ஒரு கழிவு, தரம் குறைவு என்று இன்னொரு கழிவு. 2024 ஆகஸ்டில் கிலோ 247 ரூபாய் வரை போனது என்று எல்லாப் பத்திரிகைகளும் கொண்டாடின. அடை மழையில் வெட்டு நின்றிருந்த நேரம் அது, விற்பதற்கு எங்கள் கையில் சரக்கு இல்லை. மழை விட்டு வெட்டத் தொடங்கியபோது 200-க்குக் கீழே இறங்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பனச்சமூட்டில் சாலையின் ஒரு பக்கம் கேரளம், மறுபக்கம் நாங்கள். அங்கே 2015 முதல் மாநில அரசு ஒரு ஆதார விலை வைத்திருக்கிறது. 150-இல் தொடங்கி 170, 2024-இல் 180 என்று உயர்த்தினார்கள். சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை விவசாயியின் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். பணம் வரத் தாமதமாகிறது என்று என் மைத்துனர் குறைப்பட்டுக்கொள்வார், ஆனாலும் வருகிறது. எங்களுக்கு அப்படி ஒரு திட்டம் இல்லை. தமிழ்நாட்டில் ரப்பர் என்றாலே கன்னியாகுமரி மாவட்டம்தான். ஒரு மாவட்டத்துப் பயிர் என்பதால் சென்னையில் யாருக்கும் அவசரம் இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் வேளாண் பக்கத்திலும் நெல்லுக்கும் கரும்புக்கும் கிடைக்கும் இடம் எங்களுக்குக் கிடைத்ததில்லை. இந்தப் பத்திரிகையை என் அப்பா காலத்திலிருந்து வாங்குகிற வீடு என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

அந்தக் கட்டுரையில் கேரளத்தின் ஆதார விலையையும் நடவு மானியத்தையும் ஒரே பத்தியில் கலந்து எழுதியதால், எங்கள் பக்கத்தில் சிலர் அந்த ஆதார விலை தங்களுக்கும் உண்டு என்று நம்பி விண்ணப்பம் கேட்டு அலைந்திருக்கிறார்கள். அது கேரள விவசாயிகளுக்கு மட்டும் உரியது என்று ஒரு திருத்தம் வெளியிடுங்கள். கூடவே, நாகர்கோவில் பதிப்பில் தேங்காய் விலைக்குக் கீழே ரப்பர் ஷீட், ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்த பால்) இரண்டின் அன்றைய விலையையும் தினமும் போட முடியுமா என்று பாருங்கள். கோட்டயம் ரப்பர் சந்தை விலை தெரிந்தால் கடைக்காரரிடம் நின்று பேசவாவது முடியும்.

இப்படிக்கு,
ரப்பர் விவசாயி ஒருவர்,
அருமனை, கன்னியாகுமரி மாவட்டம்