ஊசியால் மட்டும் மீனுக்குச் சினை பிடிக்காது

ஆசிரியருக்கு,

மீன்குஞ்சுப் பொரிப்பகங்கள் பற்றிய கட்டுரையில், ஹார்மோன் ஊசி போட்டதும் மீன் முட்டை உருவாக்கத் தொடங்கும் என்று வந்திருந்தது. அதை நம்பி ஊசி போடுகிறவர்களுக்குத் தாய்மீன்தான் நஷ்டம். மாதக்கணக்கில் வளர்ந்து முற்றிய முட்டை வெளியேறுவதற்கான கடைசி உத்தரவை மட்டுமே ஊசி தருகிறது.

இயல்பில் அந்த உத்தரவு மூளையில் பிறப்பது. பகல் நீளம், நீரின் வெப்பம், புதுவெள்ளம் போன்றவற்றுக்கு ஏற்ப மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸ் ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. நமக்கு இது நுண்ணிய இரத்தக்குழாய் வழியாக மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகும். எலும்பு மீன்களிலோ நரம்பு நுனிகளே பிட்யூட்டரிக்குள் நுழைந்து அங்கே சுரக்கின்றன. பிட்யூட்டரி விடும் எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோன் முட்டை வளரும் பருவத்துக்கானது: சினைப்பை எஸ்ட்ராடயால் என்ற பெண் ஹார்மோனைச் சுரக்கும், அதன் தூண்டலில் கல்லீரல் மஞ்சள்கருப் புரதத்தைத் தயாரிக்கும். முட்டையை முதிர்த்து வெளியேற்றும் இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோனான எல்ஹெச் கடைசியில் ஒரே மூச்சில் ஏற வேண்டும்.

கெண்டை, கெளுத்தி இனங்களில் சிக்கல் இங்கேதான். தேங்கிய குளத்தில் முட்டை முற்றினாலும் எல்ஹெச் ஏறாது. மூளையிலிருந்து வரும் டோபமின் என்ற வேதிப்பொருள் அதற்கு பிரேக் போட்டு வைத்திருக்கும். கனடாவின் ரிச்சர்ட் பீட்டரும் சீனாவின் லின் ஹாவ்ரானும் 1980களில் கொண்டுவந்த லின்பே முறை இந்த பிரேக்கைத்தான் விடுவிக்கிறது. கிலோ எடைக்கு 10 மைக்ரோகிராம் செயற்கை ஜிஎன்ஆர்ஹெச், கூடவே டோபமினைத் தடுக்கும் டோம்பெரிடோன் 5 மில்லிகிராம். வாந்திக்குக் கொடுக்கும் அதே டோம்பெரிடோன்தான். இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டி அது மூளைக்குள் எளிதில் நுழையாது, ஆனால் பிட்யூட்டரி அந்தத் தடுப்புக்கு வெளியே இருப்பதால் வேலை நடந்துவிடுகிறது. கொடுவாவுக்கு ஜிஎன்ஆர்ஹெச் மட்டுமே போதும்.

ஊசிக்கு முன் சினையைப் பார்க்க வேண்டும். வயிறு உப்பியிருப்பதை மட்டும் நம்பக் கூடாது, கொழுப்பும் அப்படித்தான் தெரியும். இனப்பெருக்கத் துளை வழியே மெல்லிய குழாயைச் செலுத்திச் சில முட்டைகளை உறிஞ்சி எடுங்கள். எத்தனால் 6 பங்கு, ஃபார்மலின் 3 பங்கு, அசிட்டிக் அமிலம் 1 பங்கு கலந்த திரவத்தில் போட்டால் சில நிமிடங்களில் மஞ்சள்கரு தெளிந்து உட்கரு தெரியும். பெரும்பாலான முட்டைகளில் அது நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்திருந்தால் ஊசி போடலாம். நடுவிலேயே நின்றால் அந்த மீனைக் குளத்தில் திருப்பி விடுவதே நல்லது. அதற்கு ஊசி போட்டு எல்ஹெச்சை ஏற்றினாலும், முதிர்வைத் தூண்டும் ஸ்டீராய்டைச் சினைப்பையால் போதிய அளவு சுரக்க முடியாது. மருந்தை இரட்டிப்பாக்கினாலும் பலனில்லை.

நீர் குளிர்ந்திருந்தால் முட்டை உதிர நேரம் கூடும். அதைப் பொறுக்காமல் மறு ஊசி போடுவதும், உதிர்ந்த பிறகு பிதுக்கி எடுக்கத் தாமதிப்பதும் ஒரே அளவு கெடுதல். வயிற்றுக்குள் சில மணி நேரம் கூடுதலாகத் தங்கினாலே முட்டை மிகைமுதிர்வு அடைந்து, கருவுறும் விகிதம் சரிந்துவிடும்.

இப்படிக்கு,
மீன் உடலியல் ஆசிரியர் ஒருவர்